வாக்கைப் பிரிக்கிறது ஆர்? தமிழ்க் கட்சித் தலைவர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தலைவர்மார்,

தமிழரசு, ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ், தமிழ்க் காங்கிரஸ் எண்டு ஒவ்வொரு ஒபிசுக்கும் தனித்தனியா கடிதம் போட எனக்கு நேரமில்லை, நீங்களும் ஒரே மேசையில இருந்து வாசிக்கிற நிலைமையில இல்லை, அதால எல்லாருக்கும் சேத்து ஒண்டா எழுதுறன், ஆருக்கு எந்த வசனம் சுடுதோ அவை அதை எடுத்துக்கொள்ளுங்கோ.

"வாக்கைப் பிரிக்கிறாங்கள்" எண்ட பேச்சை நீங்கள் எல்லாரும் ஒவ்வொரு தேர்தலுக்கும் எடுக்கிறியள். எனக்கு அந்தப் பேச்சில ஒரு கோவமும் இல்லை, சில இடத்தில அது உண்மையும்தான். என்ர கோவம் என்னெண்டா ஜனாதிபதித் தேர்தலில, அதாவது பிரிஞ்சாலும் திருப்பி ஒண்டாக்க வழி வாக்குச் சீட்டிலயே இருக்கிற தேர்தலில, நீங்கள் தொண்டை கிழியக் கத்துறியள். பாராளுமன்றத் தேர்தலில, பிரிஞ்சா நேரா சீட் போற தேர்தலில, நீங்களே தனித்தனி லிஸ்ட் போட்டு மாவட்டச் செயலகக் கச்சேரியில கொண்டுபோய்க் குடுத்துட்டு சிரிச்சுக்கொண்டு போட்டோவுக்கு நிக்கிறியள்.

முதல் ஜனாதிபதித் தேர்தலை எடுப்பம். 2024 செப்டம்பர் 21. 38 பேர் போட்டி. அதில அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளரா சங்குச் சின்னத்தில நிண்டவர். அவர் நிக்கப்போறார் எண்ட கதை வந்த நாளில இருந்து பேஸ்புக்கிலயும் வாட்ஸ்அப்பிலயும் ஒரே பாட்டுத்தான், சஜித்துக்குப் போகவேண்டிய வாக்கை உடைக்கிறார், இதால அனுர வரப்போறார், இல்லை ரணில் வரப்போறார், பின்னால ஆரோ நிக்கினம் எண்டு. செப்டம்பர் 1ஆம் திகதி தமிழரசு கூடி சஜித்துக்குத்தான் ஆதரவு எண்டு முடிவெடுத்து அரியநேத்திரனை விலகச் சொன்னது, அதே கட்சிக்குள்ள சிறீதரன் சங்குக்கு வாக்குக் கேட்டுக்கொண்டு திரிஞ்சார், சைக்கிள்காரர், அதாவது தமிழ்க் காங்கிரஸ், தேர்தலையே பகிஷ்கரியுங்கோ எண்டு நோட்டீஸ் குடுத்தவை. ஒரு சனம் எத்தினை கதையைத்தான் கேக்கிறது!

சரி, றிசல்ட் வந்துது. அனுர 5,634,915, சஜித் 4,363,035, ரணில் 2,299,767, நாமல் 342,781, அரியநேத்திரன் 226,343. இப்ப கால்குலேட்டரை எடுங்கோ. அனுரவுக்கும் சஜித்துக்கும் இடையில இருந்த வித்தியாசம் 1,271,880. சங்குக்கு விழுந்த வாக்கு முழுக்க, ஒண்டு விடாம, சஜித்தின்ர டெலிபோன் சின்னத்துக்கு விழுந்திருந்தாலும் பத்து லட்சத்துக்கு மேல குறையுது. அரியநேத்திரன் ஆரையும் தோற்கடிக்கேல்ல. ஆனா இதைச் சொல்லி அறிக்கை விட்ட ஒரு தலைவரையும் நான் காணேல்ல, பிரிச்சவர் பிரிச்சவர் எண்டு முதல் சொன்னவை பிறகு சத்தமில்லாம அடுத்த தேர்தலுக்குப் போட்டினம்.

உண்மையாப் பிரிஞ்ச வாக்கைப் பாக்கவேணுமெண்டா தெற்கைப் பாருங்கோ. சஜித்தும் ரணிலும் 2020 வரைக்கும் ஒரே யூ.என்.பி. ரெண்டுபேரின்ர வாக்கையும் கூட்டினா 6,662,802. செல்லுபடியான வாக்கு மொத்தம் 13,319,616, அதில சரிபாதி 6,659,808. அதாவது ரெண்டையும் கூட்டினா பாதியைவிட மூவாயிரம் வாக்கு கிட்ட கூட! முதல் சுற்றிலயே முடிஞ்சிருக்கும் எண்டு இதைப் பாத்து ஆராவது சொல்லலாம், ஆனா அப்பிடிச் சொல்லுறதும் பிழை, ஏனெண்டா ரணிலுக்குப் போட்ட ஆள் எல்லாம் சஜித்துக்குப் போட்டிருப்பினம் எண்டதுக்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. இந்த "கூட்டிப் பாத்தா" கணக்கிலதான் எல்லாருமே வழுக்கி விழுறது. வாக்கு ஒரு கட்சியின்ர சொத்தில்லை, மற்றவன் களவெடுத்துட்டான் எண்டு பொலிசில என்ட்ரி போட.

எங்கட நாட்டில இதை ஊகிக்கத் தேவையில்லை, சனத்திட்டயே கேக்கலாம். 1982ல நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில இருந்தே சட்டம் அப்பிடித்தான் இருக்கு. 1 போட்ட ஆளுக்குக் கீழ 2, 3 எண்டு விருப்பத்தைப் போடலாம். ஒருத்தருக்கும் பாதிக்கு மேல வரேல்ல எண்டா முதல் ரெண்டுபேரையும் வச்சுக்கொண்டு மற்ற எல்லாரின்ர சீட்டையும் திருப்பி எடுத்து, அதில 2 அந்த ரெண்டுபேரில ஒருத்தருக்கு இருக்கோ, இல்லாட்டி 3 இருக்கோ எண்டு பாத்துச் சேப்பினம். 42 வருசமா ஒருக்காலும் தேவைப்படாத அந்த ரெண்டாவது எண்ணுகை 2024லதான் முதல்முதலா நடந்தது.

நடந்து என்ன கிடைச்சுது? சஜித்துக்கு 167,867, அனுரவுக்கு 105,264. ரெண்டையும் கூட்டினா 273,131. திருப்பி எடுத்துப் பாத்த சீட்டு எத்தினை தெரியுமோ, 33 லட்சத்துக்கு மேல. நூறு சீட்டைப் பிரிச்சுப் பாத்தா எட்டிலதான் பிரயோசனமான 2ஓ 3ஓ இருந்திருக்கு. மிச்சம் தொண்ணூத்திரண்டும் ஒண்டுமே சொல்லாமக் குப்பைக்குப் போனமாதிரி. ரணிலுக்குப் போட்டவையும் அப்பிடித்தான், நாமலுக்குப் போட்டவையும் அப்பிடித்தான், எங்கட சங்குக்குப் போட்டவை மட்டும் தனிய இல்லை.

இதில நான் என்ர பாட்டில இன்னொரு கணக்கும் போட்டுப் பாத்தன். 2 போட்டவையில 61 வீதம் சஜித்துக்கும் 39 வீதம் அனுரவுக்கும் போயிருக்கு. போடாம விட்ட சனமும் இதே வீதத்தில போட்டிருந்தா அனுர 69 லட்சம், சஜித் 64 லட்சம், அப்பவும் அனுரதான். சஜித் வெல்ல அவருக்கு 69 வீதத்துக்கு மேல வந்திருக்கவேணும். வந்திருக்காது எண்டு நான் நினைக்கிறன், ஆனா இடைவெளி 12 லட்சத்தில இருந்து 5 லட்சத்துக்கு வந்திருக்கும், அது சின்ன விசயமோ?

ஏன் சனம் 2 போடேல்ல? தேர்தலுக்கு முதல் கிழமை கல்வியங்காட்டில ஒரு கடை வாசலில ஒரு ஐயா என்னோட மல்லுக்கட்டினவர். மாதிரி வாக்குச் சீட்டொண்டு கையில வச்சிருந்தவர், நான் சங்குக்கு நேர 1 போட்டு இன்னொரு ஆளுக்கு நேர 2 போட்டுக் காட்ட, "தம்பி உப்பிடிப் போட்டா என்ர சங்கு அரைவாசியாப் போயிடுமே" எண்டு கேட்டார். இல்லை ஐயா, முதலாவது எண்ணுகையில 1 மட்டும்தான் எண்ணுவினம், உங்கட ஆள் வெளிய போனாத்தான் 2ஐப் பாப்பினம் எண்டு சொன்னன். அவர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "வேண்டாம், பிறகு செல்லாத வாக்காக்கிப் போடுவாங்கள், நான் புள்ளடியே (X) போடுறன்" எண்டார். அந்த ஐயா விசரன் இல்லை, ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர். அவருக்கு ஆரும் சொல்லிக்குடுக்கேல்ல, அவ்வளவுதான். அவற்ற கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து நோட்டீஸ் குடுத்தவை, அதில பெரிய சங்கும் பக்கத்தில பெரிய புள்ளடியும்தான் கிடந்தது.

சில பேர் பேப்பரில எழுதினவை, முதலாவதைத் தமிழனுக்குப் போடுங்கோ ரெண்டாவதை விரும்பின ஆளுக்குப் போடுங்கோ எண்டு, அது எனக்குத் தெரியும். பேப்பரில எழுதுறது வேற, மீட்டிங்கில ஒரு பெரிய சீட்டைத் தொங்கவிட்டு இஞ்ச 1, இஞ்ச 2 எண்டு போட்டுக் காட்டுறது வேற.

அமெரிக்காக்காரனைப் பாருங்கோ. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில புஷ் வெறும் 537 வாக்கில வெண்டவர், அதே மாநிலத்தில மூண்டாவது ஆளா நிண்ட ரால்ப் நேடருக்கு 97,488 வாக்கு, அதில ஒரு சின்னத் துண்டு புஷ்ஷை எதிர்த்து நிண்ட கோருக்குப் போயிருந்தாலும் உலகமே வேற பக்கம் திரும்பியிருக்கும் எண்டு இண்டைக்கும் அங்க சண்டை பிடிக்கினம். நேடருக்குப் போட்ட சனத்துக்கு 2 எண்டு எழுத அங்க இடமே இருக்கேல்ல. மெயின் மாநிலத்தில 38 வீதம்கூட எடுக்காத ஒருத்தர் 2010ல கவர்னரா வந்த பிறகுதான் சனம் சினந்து 2016ல வாக்கெடுப்பு வச்சு விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தது. அவன் போராடி எடுத்ததை எங்கட சட்டம் சும்மா தந்திருக்கு, நாங்கள் அதில புள்ளடி போட்டுட்டு வாறம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறன் எண்டா, 2024ல இடைவெளி பெருசு எண்டபடியாத் தப்பினம். எல்லா முறையும் அப்பிடி இராது. 2005ஐ மறந்துட்டியளோ? மகிந்த 4,887,152, ரணில் 4,706,366. இடைவெளி 180,786. அரியநேத்திரனுக்கு 2024ல விழுந்தது 226,343. அந்த மாதிரி ஒரு நெருக்கமான தேர்தலில 2 போடாத இரண்டேகால் லட்சம் சங்குச் சீட்டு வந்தால், அப்ப நீங்கள் "பிரிச்சுப்போட்டான்" எண்டு கத்தினா நானும் வந்து பக்கத்தில நிண்டு கத்தவேண்டி வரும்.

2005 எண்டவுடன பகிஷ்கரிப்புக்காரருக்கும் ஒரு சொல்லு. அந்தத் தேர்தலில புலிகள் போகவேண்டாம் எண்ட பிறகு யாழ்ப்பாண மாவட்டத்தில வாக்குப்போட்டது நூத்துக்கு ஒருத்தர் கிட்ட. மகிந்த பாதிக் கோட்டைத் தாண்டினது 28,632 வாக்கிலதான். கணக்கைப் போட்டுப் பாருங்கோ, வடக்கில இன்னும் ஒரு 58 ஆயிரம் பேர் போய் மகிந்த அல்லாத ஆருக்கெண்டாலும், வெல்லவே மாட்டான் எண்டு தெரிஞ்ச ஒரு மூண்டாவது ஆளுக்கெண்டாலும் போட்டிருந்தா, மொத்தம் கூடி அவர் 50 வீதத்துக்குக் கீழ இறங்கியிருப்பார், ரெண்டாவது எண்ணுகை அப்பவே வந்திருக்கும். பிறகு ஆர் வெண்டிருப்பினம் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா எங்கட முறையில மூண்டாவது வேட்பாளருக்குப் போடுற வாக்கு முன்னுக்கு நிக்கிறவனைப் பிடிச்சு நிப்பாட்டும், வீட்டில இருக்கிற வாக்கு ஒண்டையும் நிப்பாட்டாது. 1982லயே தமிழ்க் காங்கிரசின்ர குமார் பொன்னம்பலம் நிண்டு 173,934 வாக்கு எடுத்தவர், யாழ்ப்பாண மாவட்டத்தில அவர்தான் முதல். சைக்கிள்காரர் தங்கட வீட்டுச் சரித்திரத்தையே மறந்துட்டுப் பகிஷ்கரிப்புக்குப் போறது எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்ல.

சரி, இனி உங்கட பக்கம் வாறன். இதைத்தான் வடிவா வாசிக்கவேணும்.

2024 ஜனாதிபதித் தேர்தலில யாழ்ப்பாணத்தில அனுரவுக்கு விழுந்தது 27,086. எட்டுக் கிழமை கூட முடியேல்ல, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில அனுரவின்ர கட்சிச் சின்னமான திசைகாட்டிக்கு 80,830. சனம் விரும்பிப் போட்டது, எனக்கு அதில ஒரு வயித்தெரிச்சலும் இல்லை. ஆனா 80,830 எண்டது அந்த மாவட்டத்தில 24.85 வீதம். நாலில ஒரு பங்கு வாக்கு. கிடைச்ச சீட் ஆறில மூண்டு. பாதி! எப்பிடி?

தமிழரசின்ர வீடு 63,327, சைக்கிள் 27,986, ஊசிச் சின்னத்தில சுயேச்சைக்குழு 17 எண்டு நிண்ட அருச்சுனாவின்ர ஆக்கள் 27,855, சங்கு 22,513 (ஓம், பொது வேட்பாளரின்ர அதே சங்கை சனத்தின்ர கை காய முதல் ரெலோ, புளொட், ஈ.பி.ஆர்.எல்.எவ் இருக்கிற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி தன்ர சின்னமா எடுத்துக்கொண்டுது, அதைப்பற்றி இன்னொரு கடிதம் எழுதலாம்). மாவட்டத்தில முதலா வந்த கட்சிக்கு போனஸ் சீட் ஒண்டு சும்மா. மிச்சம் அஞ்சையும் 5 வீதத்துக்கு மேல எடுத்தவைக்குள்ள பங்கிடுறது. ஒரு முழுச் சீட்டுக்கு 48 ஆயிரம் கிட்ட தேவைப்பட்டுது. திசைகாட்டிக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு. மிச்சம் மூண்டும் ஆரின்ர மீதி பெருசோ அவைக்கு. திசைகாட்டியின்ர மீதி 32 ஆயிரம் சொச்சம், பிறகு சைக்கிள், பிறகு ஊசி. வீட்டின்ர மீதி 15 ஆயிரம், ஒண்டுக்கும் உதவேல்ல. சங்கின்ர 22,513ம் அப்பிடியே காத்தில போச்சு.

இப்ப வீடும் சங்கும் பழைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு மாதிரி ஒரே லிஸ்டில நிண்டிருந்தா? 85,840. திசைகாட்டியைவிட அஞ்சாயிரம் கூட. போனஸ் இந்தப் பக்கம், ஒரு முழுச் சீட், மீதியிலயும் முதலாவது. மூண்டு சீட். திசைகாட்டிக்கு ரெண்டு, சைக்கிளுக்கு ஒண்டு. (கூட்டிப் பாக்கிற கணக்கில வழுக்குவினம் எண்டு மேல நான்தானே சொன்னனான், ஓம், எல்லா வாக்கும் அப்பிடியே வரும் எண்டு சத்தியம் பண்ண ஏலாது, சில பேர் ஒண்டாப் போனதாலயே போடாம விட்டிருப்பினம். ஆனா அஞ்சாயிரம் இடம் கிடந்தது, அதோட வருசக்கணக்கா ஒரே வீட்டுச் சின்னத்துக்குப் போட்டுப் பழகின சனம் இது.) இஞ்ச 2 போட வழியில்லை தலைவர்மார். ஒரு கட்சிக்குப் போட்டா அந்தக் கட்சிதான், அந்த லிஸ்ட் தோத்தா வாக்கும் தோத்துது. இதுதான் அசல் வாக்குப் பிரிப்பு, இதைச் செய்தது மூண்டாவது ஆள் இல்லை, 2023 உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனியப் போறம் எண்டு தமிழரசு எடுத்த முடிவும், சரி நாங்களும் காட்டுறம் எண்டு மற்றவை எடுத்த ரோசமும்.

அம்பாறையை இன்னும் மறக்க ஏலாது. யாழ்ப்பாணத்தில ஆர் வெண்டாலும் ஒரு தமிழ் எம்.பி. வருவார், அங்க அப்பிடி இல்லை. 2020ல திகாமடுல்லவில (அம்பாறையின்ர தேர்தல் மாவட்டப் பேர்) புலிகளில இருந்து பிரிஞ்சு போன கருணா நிண்ட கட்சிக்கு 29,379, தமிழரசுக்கு 25,220. ரெண்டுபேருக்கும் சீட் இல்லை. 38,911 வாக்கு எடுத்த தேசிய காங்கிரசுக்கு ஒரு சீட். ரெண்டையும் கூட்டினா 54,599, நிச்சயமா ஒண்டு வந்திருக்கும். கருணாவோட தமிழரசு எப்பிடி ஒரே லிஸ்டில நிக்கிறது எண்டு கேட்டா, நிக்க ஏலாதுதான், அது எனக்கும் தெரியும், அங்க கொலையும் துரோகமும் பற்றின கதைகள் கிடக்கு. அதால அதுக்காக நான் உங்களைப் பேசேல்ல. நான் சொல்லுறது என்னெண்டா, அப்பிடி ஒருத்தர் வந்து முப்பதாயிரம் எடுக்கிற அளவுக்கு அந்தச் சனத்தை அஞ்சு வருசமா ஏன் எட்டிப் பாக்கேல்ல எண்டு தேர்தல் முடிஞ்ச பிறகாவது ஒரு கட்சி கேட்டிருக்கவேணும். கேட்டது என்ன, நாடு முழுக்க விழுந்த வாக்குக் கணக்கில கட்சிக்குக் கிடைச்ச தேசியப் பட்டியல் சீட்டை ஆருக்குக் குடுக்கிறது எண்டு. அது கடைசியா அம்பாறைக்குத்தான் போச்சு, கலையரசனுக்கு, அது நல்ல முடிவு. 2024ல அதே மாவட்டத்தில வீட்டுக்கு ஒரு சீட் வந்தது, ஆக ஏலாத காரியமில்லை.

இனி நீங்கள் சொல்லப்போற பதிலும் எனக்குத் தெரியும், "கொள்கை வேற, ஒண்டா நிக்க ஏலாது" எண்டு. சைக்கிளுக்கும் வீட்டுக்கும் கொள்கை வேறதான், அரசியலமைப்பு வரைவில வந்த, ஒற்றையாட்சியோ எண்டு சண்டை பிடிக்கிற 'ஏக்கிய ராச்சிய' எண்ட சிங்களச் சொல்லைக் கேட்டவுடன ஒருத்தருக்கு ரத்தம் கொதிக்கும், அதை நான் மதிக்கிறன், அவை தனிய நிக்கட்டும், அதால ஒரு சீட்டும் எடுத்தவைதானே. ஆனா வீட்டுக்கும் சங்குக்கும் நடுவில இருக்கிற கொள்கை வித்தியாசத்தை எனக்கு ஒரு பக்கத்தில எழுதிக் காட்டுங்கோ பாப்பம். திருகோணமலையில அதே தேர்தலில ஒண்டா நிண்டு ஒரு சீட் எடுத்தியள். திருகோணமலையில இல்லாத கொள்கை முரண்பாடு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி வந்ததோ?

இன்னொண்டு, சின்னக் கட்சியள் நிக்கவே கூடாது எண்டு நான் சொல்ல வரேல்ல. சீட் பங்கீட்டுக்கு வர 5 வீதம் எடுக்கவேணும் எண்ட இந்த வெட்டுப்புள்ளி முதல் 12.5 வீதமாக் கிடந்தது, 1988லதான் 5 வீதத்துக்குக் கொண்டுவந்தவை, அதுக்கு முஸ்லிம் காங்கிரஸ் அஷ்ரப் பிரேமதாசாவோட பேசின பேச்சும் ஒரு காரணம். சிறுபான்மைக் கட்சி, புதுக் கட்சி எல்லாம் பாராளுமன்றம் போக அது திறந்த கதவு. அருச்சுனா மாதிரி ஒருத்தர் ஒரு பெரிய கட்சியும் இல்லாம வந்ததும் அந்தக் கதவாலதான். அவரை எனக்குப் பிடிக்குதோ இல்லையோ, 27,855 பேருக்குப் பிடிச்சிருக்கு, அவையைப் பாத்து "வாக்கைப் பிரிச்சியள்" எண்டு சொல்லுறது அவமரியாதை. உங்களில சலிச்சுப்போய்த்தானே அங்க போனவை.

2013 செப்டம்பரில வடமாகாண சபைக்கு வீட்டுச் சின்னத்தில ஒண்டா நிண்டு 38ல 30 எடுத்தியள். அந்தச் சபையின்ர காலம் 2018ல முடிஞ்சுது. மாகாண சபைத் தேர்தல் எப்ப வச்சாலும் நாமினேஷனுக்கு முதல் நாள் இரவு ஹோட்டலில இருந்து சீட் பேரம் பேசாம, இப்பவே வீடும் சங்கும் இருந்து மாவட்டம் மாவட்டமா ஆருக்கு எத்தினை எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ. அடுத்த ஜனாதிபதித் தேர்தலில பொது வேட்பாளர் நிண்டா நிக்கட்டும், விலகச் சொல்லி அறிக்கை விடாதேங்கோ, அதுக்குச் செலவழிக்கிற சக்தியை மாதிரி வாக்குச் சீட்டு அடிக்கச் செலவழியுங்கோ, 1 எங்க 2 எங்க எண்டு ஒவ்வொரு சனசமூக நிலையத்திலயும் போட்டுக் காட்டுங்கோ, நோட்டீசில இருந்து அந்தப் புள்ளடியை எடுத்துப்போட்டு இலக்கத்தைப் போடுங்கோ.

இதுக்குப் பதில் அறிக்கை விடுறதெண்டா, மற்றக் கட்சி ஏன் துரோகி எண்ட பகுதியை விட்டுப்போட்டு, உங்கட கட்சி எந்த மாவட்டத்தில ஆரோட ஒரே லிஸ்டில நிக்கத் தயார், எத்தினை இடம் விட்டுக்குடுப்பியள் எண்டதை மட்டும் எழுதினாப் போதும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்து வாக்காளன் ஒருத்தன்